மூன்று மொழிகளில் எழுதியிருந்தது

பேரீச்சம்பழம் அறுநூறு கிராம்.
தேங்காய்ப்பால், முதற்பால், இரண்டு கோப்பை.
கித்துள் பாணி ஒரு கரண்டி.
தோள் வலிக்கும்வரை கிண்டுங்கள்,
எண்ணெய் கக்கியதும் இறக்குங்கள்.

புர்க்டோர்பில் எங்கள் மூன்றாம் மாடி,
ஜன்னலில் பனி. என் முகத்தில்
நல்ல வெளிச்சம் விழுந்த நாள் அது.
மகன் கைபேசியை ஆடாமல் பிடித்திருந்தான்.
தொதலை வெட்டித் திருப்பிக் காட்டினேன்.
உள்ளே கறுத்த கண்ணாடி மாதிரி மினுங்கியது.
"சீனி துளியும் இல்லை" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
வாய் தானாக நீண்டது:
"சீனி வருத்தக்காரரும் பயப்பிடாமல் சாப்பிடலாம்."

தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல வழியில்லை.
முதியோர் இல்லச் சமையலறையில்
காலை ஆறரைக்கு
திருமதி ஏபியின் ரொட்டியை
நான்தான் தராசில் வைத்து வெட்டுகிறேன்.
அவருக்கு அரை வாழைப்பழம்,
மீதி அரை எனக்கு. அதுவரைக்கும் கணக்குத் தெரியும்.

நாற்பத்தோராயிரம் பேர் பார்த்தார்கள்.
தெரியாத பெண்கள் கடையில் கையைப் பிடித்தார்கள்.
வெட்கத்தோடு நின்றேன்,
அந்த வெட்கத்தில் இனிப்பு இருந்தது.

தர்மகுலசிங்கத்தை ஒரு கலியாண வீட்டில் கண்டேன்.
ஓல்ட்டனில் இரவு வேலை,
தொடருந்துப் பெட்டிகள் கழுவுகிறவர்.
தட்டில் கேக்கைத் தொடவில்லை.
"ஒன்பது மாசம் தங்கச்சி,
தேத்தண்ணிக்குக்கூடச் சீனி இல்லை.
உங்கட தொதல்தான்.
இரவு ரெண்டு துண்டு, விடிய ஒரு துண்டு."

பதினேழு புள்ளி நாலு என்றார்.
"என்ன சாப்பிடுறீங்கள் எண்டு டொக்டர் மனிசி கேட்டா.
சீனியே தொடுறேல்லை எண்டன். உண்மைதானே.
அவ கனநேரம் யோசிச்சுப்போட்டு
ஊசி தொடங்கச் சொல்லிப்போட்டா.
உங்கட தொதல் இல்லாட்டி
இன்னும் கூடியிருக்கும்."

சட்டையை உயர்த்திக் காட்டினார்.
வயிற்றில் சின்னச் சின்ன நீலங்கள்.
நான் சொன்னது ஒரே ஒரு சொல்:
"சந்தோசம்."
மேளம் கெட்டிமேளமாக மாறியது,
எல்லோரும் எழுந்தார்கள், நானும்.

வீட்டுக்கு வந்து
பேரீச்சைப் பைக்கற்றை விளக்கடியில் பிடித்தேன்.
நூறு கிராமில் அறுபத்துநாலு கிராம் சீனி.
ஜெர்மனில் எழுதியிருந்தது.
பிரெஞ்சில் எழுதியிருந்தது.
இத்தாலியனிலும்.
சின்ன எழுத்துத்தான், ஆனால் பொய் இல்லை.
நாலாவது மொழிக்கு என்னை நம்பியிருந்தார்கள்.

மறுநாள் வெளிச்சம் சரியில்லை,
மகன் பள்ளிக்கூடம். கைபேசியை
மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்தேன்.
தராசை முன்னால் வைத்தேன்.
பேரீச்சை ஒரு பக்கம், வெள்ளைச் சீனி ஒரு பக்கம்.
பழத்துக்குள் இருந்தாலும் பாணியாய்க் காய்ச்சினாலும்
இரத்தத்துக்குள் போனால் ஒரே பெயர் என்றேன்.
முன்பு சொன்னது பிழை, என் பிழை என்றேன்.
அழகாய் எதையும் வெட்டிக் காட்டவில்லை.
பழையதை அழித்தேன்.
அது ஏற்கெனவே என் கையை விட்டுப் போயிருந்தது,
கைக்குக் கை, வேறு வேறு பெயர்களில்,
என் சிரிப்போடு.

புதியதை இருநூற்றிப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசி.
"தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ.
ஆரோ உங்கட முகத்தை வைச்சு
ஒரு பொய் வீடியோ விட்டிருக்கினம்.
தொதல் கூடாதாம். பேரீச்சையும் சீனிதானாம்.
குரல்கூட அப்பிடியே உங்கடதான்.
என்ர ஆக்கள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்,
நம்ப வேண்டாம் எண்டு."

அவருக்குப் பின்னால் ஓல்ட்டன் மேடை.
ஏதோ ஒரு வண்டி பிந்துகிறதென்று
முதலில் ஜெர்மனில் அறிவித்தார்கள்,
பிறகு பிரெஞ்சில்.
அது முடியும்வரை இருந்தேன்.

"அண்ணை" என்றேன்.